‘எங்கே பிடிக்குது?’: ஸ்டென்ட் வைத்த பிறகும் தீராத தொந்தரவுக்கு விடை தேடுவது எப்படி

பிளவுஸ் வாங்கிப் போனவர் மறுநாள் திரும்பி வந்து, "அக்கா, ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கே பிடிக்குது, கையைத் தூக்கினாலா, குனிந்தாலா, போட்ட உடனேயா, ஒரு மணி நேரம் கழித்தா என்று கேட்பேன். அதைச் சொல்லிவிட்டால் எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முப்பது வருஷமாக ஊராரிடம் இதைக் கேட்டவள், என் நெஞ்சு விஷயத்தில் மட்டும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து "ஏதோ சரியில்லை சார்" என்றே ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஆறு மாதம் "எல்லாம் நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இப்போது 58 வயது. கும்பகோணத்தில் தையல் கடை. 2022 ஆவணியில், தீபாவளி ஆர்டர் சேர ஆரம்பிக்கும் நேரத்தில், இடது தோளும் தாடையும் ஒரு நாள் முழுக்க வலித்தன. மிஷினில் குனிந்தே கிடப்பதால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு பட்டுப் பாவாடைக்கு லைனிங் வெட்டினேன். சாயங்காலம் வேர்த்து ஊற்றியபோதுதான் மகள் ஆட்டோ பிடித்தாள். மாரடைப்பு. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட், அதாவது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். நாலாம் நாள் வீடு. "அடைப்பை எடுத்தாச்சு, இனிமே கவலை இல்லை" என்று அனுப்பினார்கள்.

கவலை இருந்தது. மூச்சு பாதியில் நிற்பது போல ஒன்று. இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடுத்ததைத் தொம்மென்று போடுவது போல ஒன்று. போகப் போக அசதி. ஒரு வருஷம் கழித்து நெஞ்சு இறுக்கம். எல்லாம் ஒரே நோய், ஸ்டென்ட் ஒழுங்காக உட்காரவில்லை என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். கடைசியில் பார்த்தால் நாலுக்கும் நாலு காரணம், ஸ்டென்ட் நன்றாகவே இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது முதல் வருஷத்திலேயே நெஞ்சு வலி திரும்ப எட்டிப் பார்ப்பது இதய மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். நமக்குத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நான் டாக்டர் இல்லை, தையல்காரி. எந்த மாத்திரை யாருக்கு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தொந்தரவை ஒரு நோட்டில் எழுதி வைத்து, நமக்கு வேண்டிய பதிலை டாக்டரிடமிருந்து எப்படி வாங்குவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோட்டை எடுக்கக் கூடாத நேரம்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, அது தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ ஏறுகிறது, கூடவே வேர்வை, வாந்தி வருவது போல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம்: இதில் எது வந்தாலும் குறிப்பு எழுதுகிற வேலை இல்லை. 108க்குப் போன் செய்யுங்கள். சார்பிட்ரேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், நின்றபடி வைக்காமல் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வையுங்கள். தலை சுற்றும். ஐந்து நிமிஷத்தில் வலி விடாவிட்டால் இரண்டாவது யோசனை வேண்டாம், ஆம்புலன்ஸ்தான். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போவதும் தானே வண்டி ஓட்டிப் போவதும் வேண்டவே வேண்டாம். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட் வைக்கக் கூடாது, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். டாக்டரிடம் அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை, ஆஸ்பிரினும் அதன் ஜோடியும், எவ்வளவு தொந்தரவாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் நிலைமை முதல் மாரடைப்பை விட மோசமாகலாம். பல் பிடுங்கப் போன இடத்தில் "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னால், இதய டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். என் நாத்தனார் மருதம்பட்டைக் கஷாயம் கொண்டுவந்து, "இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டு இதைக் குடி" என்றார். நல்ல மனசுதான். கஷாயத்தையே தொடவில்லை நான். அப்படிக் குடிக்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

அளவு நோட்டு

2023 மாசியில் ஒரு நாள், கடையில் என்னோடு தைக்கும் பெண்தான் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு மூச்சு முட்டறது எப்பவுமே காலைல முதல் டீக்கு அப்புறம்தானே?" அப்படியா என்று யோசித்தேன். தெரியவில்லை. எனக்கே தெரியாததை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அன்றைக்கு அளவு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

முதல் வாரத்தில் எழுதியவற்றில் மூன்றை அப்படியே தருகிறேன்:

"பிப்ரவரி 20, திங்கள். காலை 9.40. உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு பாதியில் நின்றது போல. பெருமூச்சு விட்டால் கொஞ்சம் சரி. 15 நிமிஷம். வலி இல்லை. பி.பி. 126/78, நாடி 64."

"பிப்ரவரி 22, புதன். மதியம். துணி மூட்டையோடு மாடிப்படி, 18 படி. ஒன்றும் இல்லை."

"பிப்ரவரி 23, வியாழன். இரவு 10 மணி. படுத்திருந்தேன். அதே மூச்சு. தலையணை இரண்டு வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை."

நடுவில் இருக்கும் "ஒன்றும் இல்லை" என்ற வரிதான் பிறகு பெரிய உதவியாக இருந்தது. தொந்தரவு வந்ததை மட்டும் எழுதினால் கதையில் பாதிதான் கிடைக்கும். எதைச் செய்தும் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். மூட்டையோடு படியேறினால் வராத மூச்சுத் திணறல் உட்கார்ந்து காஜா எடுக்கும்போது வருகிறது என்றால், அது அடைப்பினால் வரும் திணறலின் குணம் இல்லை. தலையணை வரியும் அப்படித்தான். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தால் படுத்தால் மோசமாகும், தலையை உயர்த்தினால் தேவலையாகும். எனக்கு அப்படி இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த இடம், எவ்வளவு நேரம், எதனால் நின்றது. இந்த ஐந்தும் போதும். பி.பி. மிஷின் இருந்தால் அந்த எண்களும். வலி இருக்கும் இடத்தை உள்ளங்கையால் காட்டுகிறீர்களா, ஒரு விரலால் காட்டுகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். ஒரு விரலால் தொட்டு அழுத்தினால் "அம்மா" என்று வலித்தால் அது பெரும்பாலும் சதை, எலும்பு சம்பந்தப்பட்டது. அதையும் நீங்களே முடிவு செய்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் சில நாள், குழாய் விரிந்து கொடுத்ததால் மெல்லிய வலி ஒன்று இருப்பதும் உண்டு.

மாத்திரை போடும் நேரத்தையும் ஓரத்தில் எழுதுங்கள். எனக்கு அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரி எல்லோரிடமும் இருக்கும். அது போதாது. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாயைப் படம் எடுப்பது), ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது) இரண்டின் சிடி, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், அட்மிட் ஆன அன்று எடுத்த இசிஜி, கடைசியாகச் செய்த ரத்தப் பரிசோதனைகள், ஸ்டென்டின் கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் போட்ட பில், இவ்வளவும் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும். ஸ்டென்டுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது 2017 பிப்ரவரியில். அப்போதிருந்து ஸ்டென்டின் விலை, பிராண்டு, பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் பில்லில் "பேக்கேஜ்" என்று ஒரே வரியாக இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

சிடி கேட்டுப் போனபோது எனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையில், பெயர் வேண்டாம், மூன்று முறை அலைய விட்டார்கள். "சிஸ்டம் டவுன்", "அந்த சார் லீவு", "ஏன், வேற எங்கயாவது காட்டப் போறீங்களா?" மூன்றாவது கேள்விதான் உண்மையான காரணம். மகள் ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு, என் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எழுதி, இன்னின்ன பதிவுகள் வேண்டும் என்று எழுத்துமூலமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினாள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிப்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருஷம் பாதுகாக்கவும் வேண்டும். அந்த வரியையும் தாளில் எழுதியிருந்தாள். மறுநாள் போன் வந்தது. சிஸ்டம் சரியாகிவிட்டதாம்.

மூன்று வருஷக் கணக்கை மனதில் வையுங்கள். தொந்தரவு இல்லாவிட்டாலும் சிடியை முன்னமே வாங்கி வைத்துவிடுவது நல்லது. வெயில் படாமல், அரிசி டப்பா மேலே போடாமல் வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிடியை அவர் பேரன் கண்ணாடி மாதிரி சுவரில் தொங்கவிட்டிருந்தான்.

ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிப்பது

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அதில் முதல் ஒரு நிமிஷம்தான் உங்கள் கையில். நோட்டை முழுதாக அவர் முன்னால் வைத்தால் புரட்டிப் பார்க்க மாட்டார், நானாக இருந்தாலும் மாட்டேன். அதனால் ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதிக் கொடுத்தேன்:

"ஆகஸ்ட் 2022 முன்குழாயில் ஸ்டென்ட். அதன்பின் மூச்சு விடச் சிரமம். 14 நாளில் 19 தடவை. எல்லாமே ஓய்வாக இருக்கும்போது. காலை 9.30க்கும் 10.30க்கும் நடுவே, இரவு 10 மணியை ஒட்டி. படியேறினால் இல்லை. வலி இல்லை. மாத்திரை நேரம் காலை 8, இரவு 8.30. கேள்வி: இந்த மாத்திரைகளில் எதாவது இப்படிச் செய்யுமா?"

கடைசி வரியைக் கவனியுங்கள். "எனக்கு என்ன?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று பதில் வரும். பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "பயம்தான்" என்று சொல்லிவிட்டாலும் கோபப்படாமல், "சரி சார், இதயம் இல்லைன்னு எந்த டெஸ்டை வச்சுச் சொல்றீங்க? அந்த ரிப்போர்ட்டை நான் பார்த்துக்கலாமா?" என்று கேட்கலாம். "இது இப்படியே இருந்தா அடுத்து என்ன பார்ப்போம், எத்தனை நாள்ல?" என்றும் கேட்கலாம். மகளை அழைத்துப் போனது இதற்காகவும்தான். டாக்டர் சொல்வதை அவள் எழுதிக்கொள்வாள். நான் வெளியே வந்தவுடன் பாதியை மறந்துவிடுவேன்.

அந்தத் தாளை நான் கொடுத்தது தஞ்சாவூரில் வேறொரு இதய மருத்துவரிடம். இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் டாக்டருக்குச் செய்யும் துரோகம் ஒன்றும் இல்லை. ஒரு யோசனை: முதல் டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே போகும். காசு தடையாக இருந்தால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இதயப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலை சீக்கிரம் போக வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்குக் கிடைத்த பதில்

அவர் தாளைப் படித்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். நுரையீரலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், எக்கோ எடுக்கச் சொன்னார், நெஞ்சு எக்ஸ்ரே பார்த்தார். எல்லாம் சுத்தம். "டிகாக்ரெலர் சாப்பிடறீங்கம்மா. அதுக்கு இந்தக் குணம் உண்டு" என்றார். ஸ்டென்ட் வைத்த நிறையப் பேருக்கு ஆஸ்பிரினுக்கு ஜோடியாகக் கொடுக்கும் மாத்திரை அது, தினம் இரண்டு வேளை. வீட்டுக்கு வந்து மகள் தேடிப் படித்துச் சொன்னாள். 2009இல் வந்த, 18,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றில், டிகாக்ரெலர் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு மூச்சுத் தொந்தரவு. பழைய மாத்திரையான குளோபிடோக்ரெல் சாப்பிட்டவர்களில் சுமார் 8 பேருக்கு. நுரையீரலுக்கோ இதயத்துக்கோ கெடுதல் இல்லை, ஆனால் மூச்சு போதவில்லை என்ற உணர்வு மட்டும் வரும்.

ஆறு மாதம் முடிந்திருந்ததால் அவரே கணக்குப் பார்த்து குளோபிடோக்ரெலுக்கு மாற்றினார். பத்து நாளில் மூச்சு என் வசம் வந்தது. அதே மாத்திரை மாரடைப்பைத் தடுப்பதில் கெட்டிக்காரத்தனமானது என்பதையும் சொல்ல வேண்டும். நிறையப் பேருக்குத் தொந்தரவு தானாகவே குறைந்துவிடுகிறது. மாற்றலாமா கூடாதா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

குளோபிடோக்ரெலுக்கு மாறினால் ஒன்றைக் கேளுங்கள்: வயிற்றுக்குக் கொடுக்கும் அசிடிட்டி மாத்திரை எது? ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைத்துவிடும். பான்டோப்ரசோலுக்கு அந்தத் தொல்லை குறைவு. மருந்துக் கடையில் "எல்லாம் ஒண்ணுதான்கா" என்று மாற்றிக் கொடுப்பார்கள். ஒன்று இல்லை.

தொம்மென்று விழும் துடிப்பு

படபடப்புக்கு, துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்யும் ஹோல்டர் மிஷின் மாட்டினார்கள். நெஞ்சில் ஐந்தாறு ஸ்டிக்கர், இடுப்பில் சின்னப் பெட்டி, 24 மணி நேரம். நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், மிஷின் கெட்டுவிடுமோ என்று அன்று முழுக்கக் கட்டிலில் படுத்தே இருந்தேன். ரிப்போர்ட் "நார்மல்". படபடப்பே வராத நாளைப் பதிவு செய்து என்ன பிரயோஜனம்? சில ஆயிரம் ரூபாய் போச்சு. இரண்டாவது தடவை குளிப்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றபடி தையல் மிஷின் மிதித்தேன், கடைக்குப் போனேன், மார்க்கெட் போனேன், துடிப்பு தவறும்போதெல்லாம் பெட்டியில் உள்ள பட்டனை அமுக்கி மணி பார்த்து எழுதினேன்.

மாட்டிக்கொண்டது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் லட்சம் தடவை துடிக்கிறது. அதில் எனக்கு நானூறு சொச்சம் முறை கீழறையிலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது. முந்தி வந்ததும் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழும். நாம் உணர்வது அந்தப் பலமான அடியை. எக்கோவில் இதயத்தின் வலு நன்றாக இருந்ததாலும் எண்ணிக்கை குறைவாக இருந்ததாலும் இதற்கு வைத்தியமே வேண்டாம் என்றார். தைராய்டும் உப்புச் சத்துகளும் பார்க்கச் சொன்னார், சரியாக இருந்தன. காரணம் தெரிந்த பிறகு அது வந்தால் "ம், வந்துட்டியா" என்று பாபினை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

24 மணி நேரத்தில் சிக்காதவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஒட்டிக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை வரும் படபடப்புக்கு ஒரு நாள் மிஷின் மாட்டி "ஒன்றுமில்லை" என்றால், அதை நம்பி வந்துவிடாதீர்கள். மயக்கத்தோடு வரும் படபடப்பு வேறு கதை, அதற்குக் காத்திருக்கக் கூடாது.

இதயத்தில் இல்லாத காரணம்

2023 ஆடியில் அசதி. ஆடித் தள்ளுபடித் துணியெல்லாம் கடையில் குவிந்து கிடக்கிறது, என்னால் நாலு பிளவுஸுக்கு மேல் தைக்க முடியவில்லை. போன மாதம் வரை ஒன்றும் செய்யாத 18 படி இப்போது மூச்சு வாங்க வைத்தது. மறுபடி அடைப்பா என்று நடுங்கிப் போய்விட்டேன். ராத்திரியெல்லாம் போனில் வீடியோ பார்த்து, செத்துப் போனவர்கள் கதையாகவே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "மலம் கறுப்பாப் போகுதா?" என்று கேட்டார். போனது. கீரை சாப்பிட்டதால் என்று நினைத்திருந்தேன். ஹீமோகுளோபின் 8.7. மாரடைப்பின்போது 12.1 இருந்தது. தோள்வலிக்காக மருந்துக் கடையில் நானே சொல்லி வாங்கிய டைக்ளோஃபெனாக், கூட ஆஸ்பிரின், கூட குளோபிடோக்ரெல். வயிற்றுக்குள் புண், அதில் ரத்தக் கசிவு. எண்டோஸ்கோபியில் தெரிந்தது. மாரடைப்பு வந்தவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டாக்டரிடம் கொடுத்த மாத்திரைப் பட்டியலில் அதை எழுதவே இல்லை. "வலி மாத்திரைதானே, அதெல்லாம் மருந்தா" என்ற நினைப்பு.

ஆகவே பட்டியலில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: மூட்டுவலி மாத்திரை, சித்த மருந்து, சத்து டானிக், தைலம்கூட. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் ஆகிய நாலையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பெரிய செலவில்லை. கை கால் சதை வலித்தால் கொழுப்பு மாத்திரையைப் பற்றியும், நாடி 50க்குக் கீழே போய் அசதியாக இருந்தால் மெட்டோப்ரோலால் போன்ற, நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரைப் பற்றியும் கேட்கலாம்.

கோலம் போட்ட அன்று

மார்கழி. 2023 டிசம்பர் 19, செவ்வாய். விடிகாலை 5.20. வாசல் தெளித்து, குனிந்து பதினைந்து புள்ளிக் கோலம் வைத்துக்கொண்டிருந்தேன். புள்ளியை இணைக்கும் முன்னே நெஞ்சு நடுவில் யாரோ டேப்பை இறுக்கிக் கட்டியது போல. தாடைக்கு ஏறியது. கோலமாவுக் கிண்ணத்தோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சார்பிட்ரேட் வைத்தேன். மூன்று நிமிஷத்தில் விட்டுவிட்டது. அன்று மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு வேகமாக நடந்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி 22ஆம் தேதி 5.05, கோலத்துக்கு முன்னாலேயே, வாசல் தெளித்த பச்சைத் தண்ணீர் கையில் பட்டதும். 24ஆம் தேதி 4.50, படுக்கையிலேயே.

மூன்றாவது தடவை வந்த அன்றுதான் தஞ்சாவூர் போனோம். முதல் தடவையே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார். திட்டு நியாயம்தான். இசிஜி, ட்ரோபோனின் (மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ எல்லாம் பார்த்து, ஏற்கெனவே ஸ்டென்ட் இருப்பதால் ஆஞ்சியோவும் எடுத்தார்கள். ஸ்டென்ட் திறந்தே இருந்தது, வேறு எங்கும் அடைப்பு இல்லை. பழைய சிடியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். சிடிக்காக மூன்று முறை அலைந்தது வீண் போகவில்லை.

அங்கேயே "அப்போ ஒண்ணுமில்லை" என்று முடித்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு, அதிலும் பெண்களுக்கு, அப்படித்தான் முடிகிறது. இவர் நோட்டைக் கேட்டார். ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண் குழாய்கள் படத்தில் விழாது. பெரிய குழாயே சில நேரம் இழுத்துப் பிடித்துச் சுருங்கிவிட்டு, படம் எடுக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். அந்தச் சுருக்கம் விடிகாலையில், குளிரில், ஓய்வாக இருக்கும்போது வரும் குணமுடையது. உழைக்கும்போது பெரும்பாலும் வராது. "உங்க மூணு குறிப்பும் அதையேதான் சொல்லுது" என்றார். சுருக்கத்தை உண்டாக்கிப் பார்க்கும் சோதனைகள் சில பெரிய மையங்களில் செய்கிறார்கள். முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று மெட்டோப்ரோலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, குழாய் சுருங்காமல் தளர்த்தும் டில்டியாசெம் ஆரம்பித்தார். மெட்டோப்ரோலாலை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்பதால் அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

தைப் பொங்கலுக்குள் வாரம் மூன்றாக இருந்தது மாதம் ஒன்றானது. முழுக்கப் போய்விடவில்லை.

பயமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சாதாரணம். ஒரு மனநல மருத்துவரிடம் நாலு தடவை போனேன், தூக்கம் வந்தது. எல்லாச் சோதனையும் பார்த்த பிறகு "பயமும் ஒரு காரணம்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு சோதனையும் பார்க்காமல் சொன்னால் ஏற்க வேண்டாம்.

இப்போது கோலம் ஏழு மணிக்கு, வெந்நீரில் வாசல் தெளித்து, சால்வை போர்த்திக்கொண்டு. பக்கத்து வீட்டம்மா "சூரியன் வந்த அப்புறம் கோலமா?" என்று கேட்கத்தான் செய்கிறார். அளவு நோட்டு முன்பக்கத்திலிருந்து வரும் பிளவுஸ்களும் பின்பக்கத்திலிருந்து வரும் என் நெஞ்சும் நடுப்பக்கத்தில் சந்தித்துவிட்டன, புது நோட்டு வாங்க வேண்டும். அடுத்த செக்கப்புக்கு எழுதி வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: "டில்டியாசெம் ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. காலையில் இல்லை. இதனாலா, நாள் முழுக்க மிஷின் மிதிப்பதாலா?"